அம்மாவை இருத்தி வைக்காதீர்கள்: ஊரில் தனியாக இருக்கும் பெற்றோர் விழாமல் இருப்பதற்கு

சூரிச்சில் இருக்கும் ஒரு மகள் கேட்டிருப்பது இது. அம்மாவுக்கு வயது 74. யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். பிரஷரும் சீனி வருத்தமும் உண்டு. போன மாதம் விடியப்புறம் பூ ஆயப் போனவர் கிணற்றடியில் விழுந்து மணிக்கட்டு எலும்பு வெடித்துவிட்டது. மூன்று கிழமை கழித்து, அதுவும் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் மகளுக்குத் தெரிய வந்திருக்கிறது. இனி அம்மாவை வெளியில் இறங்க விடாமல் பார்ப்பதா, ஆள் ஒன்று வைப்பதா, பாத்ரூமுக்குப் புது மாபிள் போடக் காசு அனுப்புவதா என்று கேட்கிறார். கிளினிக்கில் புதிதாக ஒரு பிரஷர் குளிசை தொடங்கி இரண்டு கிழமையில்தான் விழுந்தார் என்பதையும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

வீடு வீடாகப் போய் வயதானவர்களை நடக்க வைக்கிற இயன்மருத்துவ (பிசியோதெரபி) வேலையில் பல வருடமாக இருக்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரிடமும் இந்தப் பயம் இருக்கிறது. பயம் நியாயமானது. 65 வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார். ஒரு தடவை விழுந்தவர் திரும்ப விழும் வாய்ப்பு இரண்டு மடங்கு ஆகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள். அதில் பெரும்பங்கு 60 வயது கடந்தவர்கள். ஆனால் அந்தப் பயத்தில் "அம்மா, இனி முற்றத்துக்கு இறங்காதேங்கோ, கதிரையில இருங்கோ" என்று சொல்லிவிடாதீர்கள். நான் பார்த்த வீடுகளில் இரண்டாவது விழுகை பெரும்பாலும் இந்தச் சொல்லுக்குப் பிறகுதான் வந்தது. வயதானவர் சில கிழமை ஒரே இடத்தில் இருந்தால் தொடைத் தசை வற்றும். பிறகு கக்கூசுக்குப் போக எழும்பும்போதே முழங்கால் மடியும். முற்றத்தில் விழாமல் காப்பாற்றிய அம்மா அறைக்குள் விழுவார்.

அம்மா ஏன் மூன்று கிழமை மறைத்தார் என்று யோசித்துப் பாருங்கள். விழுந்தேன் என்று சொன்னால் பிள்ளை அழும், ஏசும், தோட்டத்தை விடு என்னும், வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போ என்னும். அதற்குப் பயந்துதான். இனி ஒரு தடவை தடக்கினால் அன்றைக்கே உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால், போனில் முதல் வார்த்தையாக ஏச்சு வரக்கூடாது. "எந்த இடத்தில, எத்தனை மணிக்கு, அதுக்கு முன்னம் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?" என்று ஆறுதலாகக் கேளுங்கள்.

சரி, உங்கள் அம்மாவின் விழுகைக்கு வருவோம். அவர் "பாசி சறுக்கிப் போட்டுது" என்று சொல்லியிருப்பார். பாசி இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பாசியில் அவர் வருடக்கணக்காக நடந்திருக்கிறார். விடியப்புறம், படுக்கையால் எழும்பியவுடன், வெறும் வயிறு, இரண்டு கிழமைக்கு முன் தொடங்கிய குளிசை. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது, எழும்பி நிற்கும்போது பிரஷர் சட்டென்று இறங்குகிறதா என்பதில். படுத்திருந்தவர் எழும்பியதும் இரத்தம் காலுக்கு இறங்கும். இளம் உடம்பு உடனே இரத்தக் குழாயை இறுக்கிச் சமாளித்துவிடும். வயதான உடம்பும், சீனியால் நரம்பு பழுதான உடம்பும் சுணங்கும். அதற்குமேல் பிரஷர் குளிசையும் சேர்ந்தால் தலை ஒரு கணம் வெறுமையாகும். அந்தக் கணத்தில் கால் எங்கே வைபடுகிறது என்றே தெரியாது. பலர் இதைத் தலைச்சுற்று என்றுகூடச் சொல்லமாட்டார்கள். "கண் இருண்டமாதிரி ஒருக்கா" என்பார்கள், அதுவும் துருவிக் கேட்டால்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பிரஷர் மெசின் ஒன்றை அயலில் யாரிடமாவது வாங்குங்கள். அம்மா ஐந்து நிமிடம் படுத்திருக்கட்டும். ஒரு தடவை அளக்க வேண்டும். எழும்பி நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்குமேல், அல்லது கீழ் எண் 10 அல்லது அதற்குமேல் இறங்கியிருந்தால் அந்த மூன்று அளவையும் கிளினிக் கொப்பியில் எழுதி டொக்டரிடம் காட்டுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் ஏறிப் பாரிசவாதம் வரலாம். டொக்டர் அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். பிரசோசின் போன்ற குளிசைகளில், அதுவும் புதிதாகத் தொடங்கும்போது, இந்த இறக்கம் நன்றாகத் தெரியும். அதுவரைக்கும் ஒரு பழக்கம்: கண் விழித்ததும் கட்டிலில் எழும்பி இருந்து, காலைத் தொங்கவிட்டு, குதியை இருபது தடவை மேலே கீழே ஆட்டி, அரைக் கோப்பை தண்ணீர் குடித்து, பிறகு எழும்புவது. பூ கொஞ்சம் பொறுக்கும்.

மருந்துப் பையையும் முழுதாகக் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வயதானவர்களின் வீட்டில் கிளினிக் குளிசையோடு, பிரைவேட்டில் காட்டியது, பார்மசியில் கேட்டு வாங்கியது, போன வருடம் மிஞ்சியது என்று எல்லாம் ஒரே பிஸ்கற் ரின்னுக்குள் கிடக்கும். நித்திரைக் குளிசை (டயசிபாம், குளோனசிபாம் வகை), நரம்பு நோவுக்கு இரவில் போடும் அமிற்றிப்ரிலின், தடிமனுக்கு யோசிக்காமல் விழுங்கும் பிரிற்றன், எல்லாமே அடுத்த நாள் காலைவரை காலைத் தள்ளாட வைக்கும். நித்திரைக் குளிசை நீண்ட நாள் குடித்தவர் அதையும் சட்டென்று விடக்கூடாது. டொக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான். சீனிக்கு கிளிபென்கிளமைட் அல்லது கிளிக்கிளசைட் எடுப்பவர் குளிசையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி விழுவார். இங்கே இது முக்கியம், ஏனென்றால் உங்கள் அம்மா கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிக்கிறவராக இருக்கலாம், கௌரிக் காப்பு கட்டுகிறவராகவும் இருக்கலாம். விரதத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. விரதத்துக்கு ஒரு மாதம் முன்னரே கிளினிக்கில் சொன்னால் குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். பாலும் பழமும் எடுக்கலாம். கடவுள் கோபிக்கமாட்டார் என்பதை மகளைவிடக் கோயில் ஐயா சொன்னால் அம்மா கேட்பார்.

இனிக் கிணற்றடி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் இங்கே நிலம் காயாது. கிணற்றுக்கட்டைச் சுற்றியுள்ள சீமெந்துத் தரையில் பச்சையாகவே பாசி தெரிய வேண்டும் என்றில்லை. கறுப்பாக, எண்ணெய் பூசியதுபோல ஒரு படலம் இருந்தாலே போதும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, தும்புத்தடியால் அடித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். கரைசல் கிணற்றுக்குள் வழியாமல் பார்க்க வேண்டும். மாரியில் கிழமைக்கு ஒரு தடவை. இதை அம்மா செய்யக்கூடாது. கூலிக்கு ஒருவரைப் பிடியுங்கள். மேசன் வரும் நாளில் அந்தத் தரைக்குப் புதுப் பூச்சுப் போட்டு, ஈரம் காய முன்னர் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறிவிடச் சொல்லுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. சவர்க்காரம் அதில் நுரைக்காமல் பால்போலத் திரண்டு தரையில் ஒட்டும். அந்தப் படலம் பாசியைவிட மோசமாக வழுக்கும், பார்வைக்குத் தெரியவும் தெரியாது. குளித்து முடிய இரண்டு வாளி வெறும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டு வருவது நல்லது. வாளியால் அள்ளிக் குளிப்பதென்றால் கிணற்றுக்கட்டில் சாய்ந்து இழுக்கும் வேலையை இனி விட்டுவிடலாம். மோட்டரால் தொட்டிக்கு ஏற்றி, தொட்டிக்குப் பக்கத்தில் பாரமான ஒரு கதிரையில் இருந்து கோப்பையால் ஊற்றிக் குளிக்கட்டும். மெல்லிய பிளாஸ்ரிக் கதிரை ஈரத் தரையில் கால் விரிந்து போகும். கால்களுக்கு றப்பர் போட்ட இரும்புக் கதிரையாகப் பாருங்கள்.

மாபிள் பற்றிக் கேட்டீர்கள். உரும்பிராயில் ஒரு வீட்டைச் சொல்கிறேன். மகன் காசு அனுப்பி, பாத்ரூம் முழுக்கப் பளபளவென்று வெள்ளை மாபிள், சவர், கொமட், துவாய் போட ஒரு வெள்ளிக் கம்பி. அம்மம்மா குளித்துவிட்டு ஈரக் காலோடு திரும்பியபோது கால் இழுபட, கை அந்தக் கம்பியைப் பிடித்தது. கம்பி இரண்டு சின்ன ஸ்குரூவில் நின்றது. நான் போன அன்று சுவரில் இரண்டு ஓட்டை, தரையில் வெள்ளைத் தூள், கம்பி இன்னும் வாஷ்பேசினுக்குக் கீழே கிடந்தது. அம்மம்மா ஆசுபத்திரியில். விழுகிற ஆள் கைக்குக் கிடைப்பதைப் பிடிப்பார். பிடிப்பது ஆளின் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். ஆகவே பளபளப்பு மாபிள் வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் உடைக்கவும் தேவையில்லை. சொரசொரப்பான றப்பர் விரிப்பைத் தரையில் நன்றாக ஒட்டிப் பிடிக்கிறமாதிரிப் போடலாம். காசு செலவழிப்பதென்றால் கைப்பிடிக்குச் செலவழியுங்கள். ஒன்றரை அங்குலத் துருப்பிடிக்காத குழாயை வெல்டிங் கடையில் வெட்டி, இரண்டு பக்கமும் தட்டுப் பிடித்து, சுவருக்குள் நீட்டு போல்ட் இறக்கிப் பூட்ட வேண்டும். கொமட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, பின்கதவுப் படியில் ஒன்று. பூட்டி முடிந்ததும் மேசனையே அதில் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குந்துகிற கக்கூஸ் என்றால் உடனே கொமட்டுக்கு மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். குந்தி எழும்புவது அவருக்குச் சுகமாக இருந்தால் மாற்றாதீர்கள், முன்னால் ஒரு கைப்பிடி போதும். எழும்பும்போது சுவரைத் தடவுகிறார், முழங்காலில் கையூன்றித் தவிக்கிறார் என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கக்கூஸ் வீட்டுக்கு வெளியே வளவில் இருந்தால், இரவுக்குக் கட்டிலடியில் ஒரு கொமட் கதிரை வையுங்கள். வெட்கப்படுவார். இரவு இரண்டு மணிக்கு மழைக்குள் ரோச் பிடித்துக்கொண்டு படியிறங்குவதைவிட அது எவ்வளவோ மேல் என்று மெல்லச் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டும். கறண்ட் போனாலும் எரிகிற சார்ஜ் பல்பு ஒன்று அறையிலும் ஒன்று விறாந்தையிலும்.

வாசலில் கிடக்கிற பழைய சேலைத் துண்டுக் கால்மிதிகளை எடுத்து எறியுங்கள். தேய்ந்த றப்பர் செருப்பும் போகட்டும். குதியைப் பிடிக்கிற பட்டி உள்ள செருப்பாக வாங்குங்கள். நைற்றி நிலத்தில் இழுபட்டால் கரையை இரண்டு அங்குலம் மடித்துத் தைத்துவிடலாம்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது கால்களைப் பற்றி. தரையைத் திருத்துவது ஒரு நாள் வேலை. கால் மட்டும் ஒவ்வொரு கிழமையும் கேட்கும். 2019 இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று, 108 ஆய்வுகளில் 23,000க்கும் மேற்பட்ட முதியவர்களைச் சேர்த்துப் பார்த்தது. வீட்டில் வாழும் முதியவர்கள் உடற்பயிற்சி செய்தால் விழுகை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது; அதிலும் சமநிலையும் எழும்பி இருக்கும் அசைவுகளும் சேர்ந்த பயிற்சி நன்றாக வேலை செய்கிறது. நடை நல்லது, ஆனால் கோயிலுக்கு நடந்து போய் வருவது மட்டும் இதற்குக் காணாது.

முதலில் ஒரு சோதனை. வீடியோ கோலில் நீங்களே பார்க்கலாம். கை வைக்காத கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். அம்மா இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 செக்கனில் எத்தனை தடவை முழுதாக எழும்பி இருக்கிறார் என்று எண்ணுங்கள். அயலவர் யாராவது பக்கத்தில் நிற்கட்டும். 74 வயதுப் பெண்ணுக்குப் 10க்குக் குறைந்தால் கால் பலம் காணாது என்று அர்த்தம். சோதனையே பயிற்சியும் ஆகும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன்னர், எட்டோ பத்தோ தடவை. முதலில் கையூன்றி எழும்பினாலும் பரவாயில்லை. பிறகு ஒரு கை, பிறகு கை இல்லாமல். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் பலன் அதிகம்.

அடுத்தது குசினிக் கட்டைப் பிடித்துக்கொண்டு. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரம் இதற்குப் போதும். குதியை உயர்த்தி விரலில் நிற்பது, ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குவது, ஒரு பாதத்தின் குதி மற்றப் பாதத்தின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நிற்பது. கடைசியாகச் சொன்னதைப் பத்துச் செக்கன் பிடிக்காமல் நிற்க முடியாதவர் விழக்கூடியவர் என்று நாங்கள் கணக்கெடுப்போம். முதல் கிழமை இரண்டு கையாலும் பிடித்து, பிறகு ஒரு கையால், பிறகு ஒரு விரலால். மணிக்கட்டுக் காயம் மாறும்வரை நல்ல கையால் மட்டும் பிடிக்கட்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பழைய வீட்டு வேலைகளே நல்ல பயிற்சிதான். திருவலையில் இருந்து தேங்காய் துருவி, கையூன்றாமல் எழும்புகிற 80 வயது மனுசியைப் பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பிள்ளைகள் பாசத்தில் கிறைண்டரும் கதிரையும் வாங்கிக் கொடுத்து, ஆள் ஒன்றும் வைத்து, அம்மாவை ஒரு வேலையும் செய்யவிடாமல் பண்ணிய பிறகுதான் பல வீட்டுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆள் வைப்பதென்றால் வையுங்கள், ஆனால் பாரம் தூக்கவும் கிணற்றடி தேய்க்கவும் வையுங்கள். பூ ஆய்வதும் கோழிக்குத் தீன் போடுவதும் அம்மாவின் வேலையாகவே இருக்கட்டும். பொல்லு தேவைப்பட்டால் "வயது போட்டுது" என்று காட்டும் சாமானாக அவர் நினைக்காமல் இருக்க, நல்லதாக ஒன்று அளவெடுத்துச் செய்து கொடுங்கள்: நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரம், அடியில் தேயாத றப்பர்.

கண்ணையும் காட்டுங்கள். புரை இருந்தால் வெட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். தூரத்துக்கும் வாசிக்கவும் ஒரே கண்ணாடி போடுபவர் படியிறங்கும்போது கீழ்ப்பாதியால் பார்ப்பார். படி கிட்ட இருப்பதுபோலவும் மங்கலாகவும் தெரியும். வெளியில் நடக்கத் தூரத்துக் கண்ணாடி வேறாக இருந்தால் நல்லது.

நீங்கள் அனுப்பும் விற்றமின் டி போத்தல்களைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். குறைபாடு இருக்கிறது என்று டொக்டர் சொன்னால் அவர் சொன்ன அளவில் கொடுங்கள். கூடக் கொடுத்தால் கூடப் பலன் என்றில்லை. அவுஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை 5 லட்சம் அலகு கொடுத்துப் பார்த்த ஆய்வில், கொடுக்கப்பட்டவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள். 2010 இல் அது வெளியானது. அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் பயறும் வாங்கச் சொல்லுங்கள். தனியாக இருப்பவர்கள் பாணும் சம்பலும் தேத்தண்ணியுமாகப் பொழுதைப் போக்குவார்கள். புரதம் இல்லாமல் தசை வளராது.

இவ்வளவும் செய்தும் விழலாம். அதற்கும் ஆயத்தம் வேண்டும். கள்ளருக்குப் பயந்து இங்கே எல்லோரும் கிறிலை உள்ளே பூட்டிக்கொண்டு படுக்கிறார்கள். உள்ளே விழுந்தவரின் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் கிறிலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற வீடுகள் உண்டு. ஒரு திறப்பை நம்பிக்கையான அயலவரிடம் கொடுங்கள். உள்ளே திறப்பைத் துவாரத்தில் விட்டுவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பட்டன் உள்ள சின்னப் போனைக் கயிற்றில் கழுத்தில் தொங்கவிடட்டும், பாத்ரூமுக்கும். நீங்கள் தினமும் ஒரே நேரத்தில் கோல் எடுங்கள். பதில் வராவிட்டால் பத்து நிமிடத்தில் அயலவருக்கு எடுங்கள். அம்புலன்சுக்கு 1990, இலவசம்.

விழுந்தவரைக் கக்கத்தில் பிடித்து உடனே தூக்காதீர்கள். எங்கே நோகிறது என்று கேட்டு, கால் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், அல்லது இடுப்படியில் நோ தாங்காவிட்டால், தொடை எலும்பின் மேல்முனை முறிந்திருக்கலாம். நடத்தக்கூடாது, எண்ணெய் பூசிக் கட்டும் வேலையும் வேண்டாம், நேரே ஆசுபத்திரி. சத்திரசிகிச்சை எவ்வளவு கெதியாக நடக்கிறதோ அவ்வளவு நல்லது. தலை அடிபட்டு, வார்ஃபரின் அல்லது குளோபிடோகிரல் எடுப்பவரென்றால் காயம் தெரியாவிட்டாலும் கொண்டுபோக வேண்டும். தலைக்குள் மெதுவாக இரத்தம் கசிந்து இரண்டு மூன்று கிழமை கழித்தும் தலையிடி, தூக்கம், பேச்சுத் தடுமாற்றம் வரலாம். உங்கள் அம்மா விழுந்து மாதமாகிறது. இப்படி ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

ஒன்றும் முறியவில்லை என்றால் தானாக எழும்பும் வழியை முன்கூட்டியே பழக்கலாம்: பக்கத்துக்குப் புரண்டு, கையூன்றி, தவழ்ந்து கதிரை அடிக்குப் போய், கதிரையில் கையை வைத்து, பலமான காலை முன்னுக்கு ஊன்றி, திரும்பி இருப்பது. மணிக்கட்டு மாறியதும் பாய் விரித்து, நானோ என்னைப் போன்ற ஒருவரோ பக்கத்தில் இருக்க இரண்டு மூன்று தடவை செய்து பார்க்கட்டும்.

முதலில் எதைச் செய்வது என்றால்: இந்தக் கிழமை அந்த மூன்று பிரஷர் அளவு, படுத்திருக்க ஒன்று, எழும்பி ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. அதோடு கிணற்றடி தேய்க்க ஒரு ஆள். அளவுகளையும், குளிசைப் பெட்டிகளின் படங்களையும், அடுத்த கிளினிக் திகதியையும் கேட்டு எழுதுங்கள். கதிரையில் எத்தனை தடவை எழும்பினார் என்பதையும்.